முடிச்சு இல்லாத தையல்

மார்ச் 4

என் நூல்கண்டுக்கு,

அம்மா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கிப் பழகிய கை. இந்த முறை முதல் பாதி பொய்யாகிவிடும் என்பதால் விட்டுவிட்டேன். நீ நன்றாக இருக்கிறாயா?

ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் கடைக்குள், துணி வெட்டும் மேஜை மேல் இருக்கிறது. நாங்கள் இருப்பது அந்தக் கடைக்குப் பின்னால் ஒன்றரை அறையில். நான் பேசுவதில் ஒரு எழுத்து விடாமல் உன் அப்பா காதில் விழும். அந்தப் போனிலிருந்து வெளிநாட்டுக்குக் கூப்பிடவும் முடியாது, நீ கூப்பிட்டால்தான் உண்டு. அதனால் இனிமேல் போனில் பேசுவதெல்லாம் அவருக்காக. கடிதம் உனக்காக. பதிலை மாடி வீட்டு டீச்சர் விலாசத்துக்கு எழுது. இதையும் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு வயிற்றில் புண் என்று சொன்னேன் அல்லவா. புண் இல்லை. புற்றுநோய். ஈரலுக்கும் பரவிவிட்டது. ஸ்கேன் வந்த அன்று அவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டார். ஆபரேஷன் செய்யும் கட்டம் தாண்டிவிட்டதாம். மருந்து ஏற்றிப் பார்க்கலாம், ஆறு மாதமோ ஒரு வருடமோ, சொல்ல முடியாது என்றார். "அவர்கிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?" என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்று வெளியே வந்தேன். உன் அப்பா பக்கத்தில் இருந்தவரின் காலரை விரலால் தடவி, "யாரு தைச்சது இது? கழுத்து இழுக்குதே" என்று அந்த மனுஷரை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "என்னவாம்?" என்றார். "புண்ணுதான். ஆற நாளாகுமாம்" என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது.

உன் பெரியப்பாவை நினைத்துப்பார். டாக்டர் நோயின் பெயரைச் சொன்ன அன்றைக்கே சாப்பாட்டை ஒதுக்கிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தவர், நாற்பது நாளில் போய்ச் சேர்ந்தார். அப்போது உன் அப்பா சொன்னது இன்னும் என் காதிலேயே இருக்கிறது. "அண்ணனை நோய் கொல்லல. அந்தப் பேரு கொன்னுடுச்சு." அந்தப் பெயரை என் வாயால் சொல்ல மாட்டேன். சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரை பிரார்த்தனைக் கூடத்துக்குப் போகிறேன். முழங்கால் வலி தீர வேண்டிக்கொள்வதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன். "முழங்காலுக்கு இவ்வளவு பக்தியா?" என்று கிண்டல் செய்கிறார்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அவர் இளைத்துக்கொண்டே போகிறார். ஊரில் உள்ளவர்கள் உடம்பையெல்லாம் கண்ணாலேயே அளக்கிற மனுஷர், தன் சட்டை தொளதொளவென்று தொங்கினால் கண்டுபிடிக்காமல் இருப்பாரா? அவருக்குத் தெரியாமல் சட்டைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துவிடலாம் என்று பார்க்கிறேன். எனக்குப் பட்டனும், ஓரம் மடித்துத் தைக்கிற ஹெம்மிங்கும் தவிர என்ன தெரியும்? எங்கே பிடிக்க வேண்டும், எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எழுது.

புறப்பட்டு வந்துவிடாதே. வேலை நாளில் நீ வாசலில் வந்து நின்றால், அதுவே அவர் காதில் அந்தப் பெயரைச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

உன் அம்மா


மார்ச் 19

அம்மாவுக்கு,

உன் கடிதத்தைத் தொழிற்சாலைக் கழிவறையில் நின்றுகொண்டு படித்தேன். திரும்பி வந்து மேஜையில் உட்கார்ந்தால் கண் எதையும் பார்க்கவில்லை. ஒரு நாளைக்கு நானூறு சட்டையைப் புரட்டிக் குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அன்றைக்குப் பன்னிரண்டு மோசமான சட்டைகள் என் கையைத் தாண்டிப் போய்விட்டன. "என்னம்மா, தூக்கமா?" என்றார் மேனேஜர். ஆமாம் என்றேன்.

நீ செய்வது சரி என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பா குழந்தையா? ஆனால் பெரியப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததை நானும் பார்த்திருக்கிறேன். அதனால் நீ சொல்வதைக் கேட்கிறேன்.

சட்டையின் பக்கத் தையலில், கைக்குழிக்குக் கீழேயிருந்து இடுப்பு வரை, இரண்டு பக்கமும் கால் இஞ்ச் பிடி. அதற்கு மேல் ஒரே தடவையில் பிடிக்காதே. மூன்று வாரம் கழித்து இன்னொரு கால் இஞ்ச். காலர் பட்டனைப் பிரித்து அரைப் பட்டன் அகலம் உள்ளே தள்ளித் தை. பேண்டுக்குப் பின்பக்க நடுத் தையலில் பிடித்தால் போதும். இடது கைக்காரியான உன் தையல் மற்றவர்களுக்கு எதிர்ப்பக்கம் சாயும். உட்பக்கத்தை அவர் ஒரு தடவை பார்த்தால் போதும், தொலைந்தாய். அவர் கையில் கொடுக்காமல் சட்டையை நீயே மாட்டிவிடு.

இன்னொன்று. முடிச்சுப் போடாதே. நூல் முடிகிற இடத்தில் மூன்று பின்தையல் போட்டு நிறுத்து. அப்பா எனக்கு முதன்முதலில் சொல்லிக்கொடுத்ததே அதுதானே. "முடிச்சு போடறவங்க சோம்பேறி. போட்டுக்கறவன் உடம்புல குத்தும்." இப்போது அவர் உடம்பில் சதை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, "லீவு எப்போ?" என்று கேட்டார். டிசம்பர் என்றேன். "டிசம்பரா... சரி, வந்துடும்" என்றார்.

நூல்கண்டு


ஏப்ரல் 27

என் கண்ணுக்கு,

நீ எழுதியபடியே செய்துவிட்டேன். துவைக்க எடுத்துப் போகிறேன் என்று சொல்லி, மதியம் அவர் கண்ணயரும் நேரத்தில் ஒவ்வொரு சட்டையாக மாடிக்குக் கொண்டுபோனேன். மொத்தம் ஏழு. டீச்சர் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார். முடிச்சுப் போடாமல் மட்டும் எனக்குக் கை வரவில்லை. நாற்பது வருடமாகப் பட்டன் தைத்த கை, நூல் தீர்ந்ததும் தானாகச் சுழித்து முடிந்துவிடுகிறது. சின்னதாகத்தான் போட்டிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

முதல் சட்டையைப் போட்ட அன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ட்ரையல் பார்க்க வந்தவருக்குச் செய்வது போலத் தோள்பட்டையை நீவிவிட்டு, கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பினார். "பரவால்லையே. கொஞ்சம் தேறியிருக்கேன் போல" என்றார். "அதான் தெரியுதே, கன்னமெல்லாம் வெச்சிருக்கு" என்றேன். கன்னத்தில் என்ன இருக்கிறது, இரண்டு குழி. பின்னால் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்றுகிறார்கள். அதற்குப் பிறகு நான்கு நாள் வாந்தி. தண்ணீர் உள்ளே போனாலும் திரும்பி வருகிறது. அந்த வார்டு வாசலில் பெரிய எழுத்தில் அந்தப் பெயரைப் போட்டுப் போர்டு மாட்டியிருக்கிறார்கள், படுபாவிகள். ஆஸ்பத்திரி வாசலிலேயே அவர் மூக்குக்கண்ணாடியை வாங்கி என் பைக்குள் போட்டுக்கொள்கிறேன். "கீழ விழுந்து உடைஞ்சிடும்" என்று சொல்கிறேன். அவரும் சாதுவாகக் கழற்றிக் கொடுக்கிறார்.

புதிதாக ஒரு கவலை. விலா ஓரத்தில் இரண்டு பக்கமும் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள் வந்திருக்கின்றன. சில இடத்தில் தோல் உரிந்து கன்றிப்போயிருக்கிறது. கேட்டால் "வேர்க்குரு" என்கிறார். டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்தார். தடவுகிறேன், போகவில்லை. உள்ளே இருக்கிற நோய் தோலுக்கு வந்துவிட்டதோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. இப்போது பிரார்த்தனையில் பெரிதாக எதுவும் கேட்பதில்லை. கடவுளே, அந்தப் புள்ளிகளை மட்டும் எடுத்துவிடு, நீ என் பக்கம் இருக்கிறாய் என்று நம்பிக்கொள்கிறேன் என்கிறேன்.

உன் அம்மா


மே 16

அம்மாவுக்கு,

சண்டை போட்டு லீவு வாங்கிவிட்டேன். ஜூலை 10 முதல் பத்து நாள். தொழிற்சாலையில் மெஷின்களைப் பிரித்துச் சரிசெய்கிறார்கள், எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று அப்பாவிடம் சொல்லிக்கொள்கிறேன். நம்புவார். நம்பாவிட்டாலும் பரவாயில்லை.

அம்மா, நான் கெஞ்சிக் கேட்கிறேன். வாரா வாரம் போனில் அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "லீவு எப்போ?" வேறு எதையாவது சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறார். போன ஞாயிறு பேச்சை முடித்துவிட்டுப் போனை வைக்காமலே இருந்தார். மூச்சுச் சத்தம் கேட்டது. "என்னப்பா?" என்றேன். "ஒண்ணுமில்ல, மழை வருது" என்றார்.

நானும் அவரும் நன்றாகப் பேசி ஆறு வருடமாகிறது. கடையைப் பார்த்துக்கொள் என்று அவர் சொன்னதும், எனக்கு இந்த ஒன்றரை அறை வேண்டாம் என்று நான் கத்தியதும் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நாங்கள் பேசியதெல்லாம் சாப்பாட்டையும் மழையையும் பற்றித்தான். ஒரு தடவையாவது அவர் எதிரில் உட்கார்ந்து பேச வேண்டும். வா என்று ஒரு வார்த்தை எழுது, போதும்.

நூல்கண்டு


ஜூன் 22

என் தங்கமே,

சந்தோஷமான செய்தி. புள்ளிகள் மறைந்துவிட்டன! ஒன்றுகூட மிச்சமில்லை. பத்து நாளாகவே மங்கிக்கொண்டு வந்தன. இன்று காலை ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துவிடும்போது பார்த்தேன், விலா இரண்டும் சுத்தமாக இருக்கிறது. களிம்பு போன மாதமே தீர்ந்துபோய் நான் வாங்கவேயில்லை. பிறகு எப்படிப் போயிற்று? நீ படித்தவள், சிரிப்பாய். நான் கேட்டது ஒன்றே ஒன்று, அது கிடைத்துவிட்டது. கூடத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

அதனால் ஜூலையில் வராதே, கண்ணு. உன் மனசு எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் இப்போதுதான் ஒரு நல்ல திருப்பம் வந்திருக்கிறது. இந்த நேரம் பார்த்து நீ திடுதிப்பென்று வந்து நின்று, அவர் சந்தேகப்பட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டால் என்ன செய்வேன்? வழக்கம்போல டிசம்பரில் வா. அதற்குள் இன்னும் தேறிவிடுவார்.

பலம் இல்லை என்பதும் உண்மைதான். மெஷின் மிதிப்பதை நிறுத்திவிட்டார். வாசல்படி இறங்கினாலே மூச்சு வாங்குகிறது, அதனால் கடையைத் தாண்டுவதேயில்லை. ஆனால் கை சும்மா இருக்காது. நான் பிரார்த்தனை முடிந்து திரும்பும்போது ஊசியும் கையுமாகத்தான் உட்கார்ந்திருப்பார். உனக்குக் கோட் தைக்கிறாராம். போனில் அளவு கேட்டாரே, அதற்குத்தான். "தோள் அரை இஞ்ச் குறைஞ்சிருக்கு, சரியா சாப்பிடறதில்ல இவ" என்று என்னிடம் புகார் வேறு. அங்கே குளிர் அதிகம் என்று யாரோ சொன்னார்களாம்.

உன் அம்மா


ஜூலை 3

அம்மாவுக்கு,

லீவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் இடத்தில் வேறொருத்தி தன் ஊருக்குப் போகிறாள். டிக்கெட்டும் இல்லை என்றாகிவிட்டது.

உன் புள்ளிகளைப் பற்றி நான் சிரிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் அன்றைக்கு எத்தனையோ வருடத்துக்குப் பிறகு கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். நீ பக்கத்தில் இருந்து பார்க்கிறாய், உன் கண்ணை நம்புகிறேன்.

டிசம்பர் 12 என்று அப்பாவிடம் தேதியே சொல்லிவிட்டேன். "காலண்டர்ல போட்டுக்கறேன்" என்றார்.

நூல்கண்டு


செப்டம்பர் 20

என் கண்ணுக்கு,

மருந்து ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். உடம்பு தாங்காதாம். வலிக்கு ஒரு சிரப் கொடுத்திருக்கிறார்கள், நான்கு மணி நேரத்துக்கு ஒரு மூடி. கண் மஞ்சளாக இருக்கிறது. தூக்கி உட்கார வைக்க நான் ஒருத்தியே போதும் என்கிற அளவுக்கு எடை குறைந்துவிட்டது. சட்டையில் இனிமேல் பிடிக்க இடமில்லை.

இருந்தாலும் புள்ளிகள் திரும்ப வரவில்லை. தினமும் பார்க்கிறேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றுகொண்டிருக்கிறேன்.

கோட் முடிந்தது. கடைசிப் பட்டனை மட்டும் என்னைத் தைக்கச் சொன்னார். "உள்ள ரெண்டு இஞ்ச் துணி விட்டிருக்கேன். அவ சதை போட்டா பிரிச்சுக்கட்டும்" என்றார். நேற்று கட்டிலை வாசல் பக்கமாகத் திருப்பிப் போடச் சொன்னார். காற்று வரும் என்றார். அங்கிருந்து பார்த்தால் தெருமுனை வரை தெரிகிறது.

டிசம்பர் பன்னிரண்டுக்கு இன்னும் எண்பத்து மூன்று நாள் என்று அவரே சொன்னார். நான் எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது.

உன் அம்மா


நவம்பர் 15

மகளுக்கு,

நீ போய் ஒரு மாதம் ஆகிறது. நான்கு ஞாயிறாகப் போன் வரவில்லை. வராது என்று தெரிந்தும் அந்த நேரத்தில் மேஜை பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

காய்ச்சல் மூன்றே நாளில் அவரைக் கொண்டுபோய்விடும் என்று எனக்குத் தெரியாது. டீச்சர் உனக்குப் போன் செய்தபோதுகூட ஆஸ்பத்திரிக்குப் போனால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். எல்லாம் முடிந்த பிறகு வந்தாய். இருந்த நான்கு நாளும் "தண்ணி வேணுமா?" என்று நான் கேட்டதற்கு "வேணாம்" என்றதைத் தவிர என்னிடம் நீ பேசவில்லை. கோட்டை ஆணியிலேயே விட்டுவிட்டுப் போனாய். உன் கோபம் நியாயம்தான் என்று அப்போதே நினைத்தேன். எவ்வளவு நியாயம் என்று இப்போதுதான் தெரிகிறது. மறைத்தால் எனக்குச் சோறு இறங்காது, அதனால் எழுதுகிறேன்.

அவருடைய சட்டைகளை ஆஸ்பத்திரியில் யாருக்காவது கொடுக்கலாம் என்று எடுத்தேன். நான் பிடித்ததையெல்லாம் பிரித்துவிட்டால் கொஞ்சம் உடம்பு உள்ளவர்களும் போட்டுக்கொள்ளலாமே என்று கத்தரியை எடுத்து உட்கார்ந்தேன். பிரிக்க வேண்டுமானால் முதலில் முடிச்சை வெட்ட வேண்டும். முடிச்சைத் தேடினேன். காணோம். அடுத்த சட்டையிலும் இல்லை. ஏழு சட்டையிலும் ஒரு முடிச்சுகூட இல்லை. நூல் முடிகிற இடத்தில் மூன்று பின்தையல் போட்டு நின்றிருந்தது.

ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். தையல் என் தையலைப் போலவே எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது. ஆனால் என்னால் ஜென்மத்துக்கும் அவ்வளவு நேராகத் தைக்க முடியாது. நான் ஒவ்வொரு முறை தைத்ததையும் முழுக்கப் பிரித்துவிட்டு, எனக்குத் தெரியக்கூடாது என்பதற்காக என் இடது கை மாதிரியே சாய்த்துத் தைத்திருக்கிறார். நான் பிடித்த அதே கால் இஞ்சில், இம்மி கூட்டாமல் குறைக்காமல்.

மாடிக்கு ஓடினேன். டீச்சர் சட்டையைப் பார்த்ததுமே அழ ஆரம்பித்துவிட்டார். ஜூன் மாதம் ஒருநாள் சாயங்காலம் நான் கூடத்துக்குப் போயிருந்தபோது ஏதோ வாங்கக் கீழே வந்திருக்கிறார். உன் அப்பா வெற்றுடம்பாக, மடியில் சட்டையை உள்புறமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தாராம். விலாவெல்லாம் சிவந்து கிடந்ததாம். "டீச்சர், நீங்க இதைப் பாக்கல. முடிச்சு குத்துது, அவ்வளவுதான். அவகிட்ட சொன்னா எனக்கு எல்லாம் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சுடும். பாவம், நம்பிக்கிட்டு இருக்கா. அதுல கை வைக்க வேணாம்" என்றாராம்.

புரிகிறதா உனக்கு? அந்தப் புள்ளிகள் நோய் இல்லை. என் முடிச்சுகள். இரண்டு மாதம் நான் அவரைக் குத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். அவர் முடிச்சை எடுத்ததும் புள்ளி போயிற்று. அதை நான் பிரார்த்தனை பலித்ததாக எடுத்துக்கொண்டு, அதே வாரம் உன்னை வராதே என்று எழுதினேன்.

டீச்சரிடம் இன்னும் ஒன்று கேட்டிருக்கிறார். தபால்காரர் நம் கடைக்கு எதிரேதான் சைக்கிளை நிறுத்துவார் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. "மக லெட்டரு உங்க வீட்டுக்குத்தானே வருது? வரேன்னு எழுதியிருக்காளா?" என்று கேட்டாராம். நான் பிரித்துப் படிப்பதில்லையே என்றாராம் டீச்சர். "அவளா வந்தா வரட்டும். நான் கூப்பிட முடியாது" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தைக்க ஆரம்பித்தாராம்.

ஒரு சட்டையை இதோடு அனுப்புகிறேன். என்னைவிட உனக்கு நன்றாகப் பார்க்கத் தெரியும். மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை. பிரார்த்தனைக்கு இன்னும் போகிறேன். என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை. பேசாமல் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

அம்மா


நவம்பர் 29

அம்மா,

இதை நான் அனுப்பப் போவதில்லை. அதனால் மனதில் இருப்பதையெல்லாம் எழுதலாம்.

நீ என்னிடமிருந்து அவரைப் பிடுங்கிக்கொண்டாய். ஜூலை பத்தாம் தேதி என் கையில் இருந்தது. பத்து நாள். உன் பேச்சைக் கேட்டு வேறொருத்திக்குக் கொடுத்தேன். அவள் திரும்பி வந்து ஊர்க்கதையெல்லாம் சொன்னாள், நான் சிரித்துக்கொண்டு கேட்டேன்.

அப்பா என்னிடம் எதுவும் சொல்லவில்லை, அம்மா. ஒரு வார்த்தைகூட. "லீவு எப்போ?" என்று முப்பது ஞாயிறு கேட்டார். முப்பது தடவையும் டிசம்பர் என்றேன். செத்துக்கொண்டிருப்பது தனக்குத் தெரியும் என்று அந்த மனுஷர் எனக்குச் சொன்னதே அப்படித்தான், எனக்குத்தான் கேட்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் கத்தினதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் என்னைத் திட்டவில்லை. எல்லாம் அப்படியே நின்றுபோயிற்று.

சட்டையை மேஜை விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். இந்தத் தொழிற்சாலையில் யாரும் அப்படித் தைத்து நான் பார்த்ததில்லை. துணியில் நீ போட்ட பழைய ஊசித் துளைகள் தெரிகின்றன. அதே துளைகள் வழியாகவே ஊசியை விட்டிருக்கிறார். வாந்திக்கும் வலிக்கும் நடுவில், உனக்காக. உன் நம்பிக்கைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று என்னைக்கூடக் கூப்பிடாமல் இருந்திருக்கிறார். அந்தக் கோபம் அவர் மேலும் இருக்கிறது.

இதை அனுப்பினால் நீ என்ன ஆவாய் என்று எனக்குத் தெரியும். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாய்.

அதனால் வேறொன்று எழுதப் போகிறேன். முடிச்சு வெளியே தெரியாமல் எழுத வேண்டும்.


நவம்பர் 30

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதமும் சட்டையும் வந்து சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்யாதது என் தப்பு. மனசு சரியாக இல்லை, அவ்வளவுதான். உன் மேல் கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே.

இத்தனை நாளாக உன்னிடம் ஒன்றை மறைத்திருக்கிறேன். சொல்லக்கூடாது என்று அப்பாவே சத்தியம் வாங்கியிருந்தார். இனிமேல் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஜூன் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, நீ பிரார்த்தனைக்குப் போயிருந்த நேரம், தெருமுனை மருந்துக்கடை போனிலிருந்து அப்பா என்னைக் கூப்பிட்டார். முக்கால் மணி நேரம் பேசினோம். தனக்கு என்ன நோய் என்று தெரியும், மார்ச்சிலிருந்தே தெரியும் என்றார். நான் உடனே கிளம்பி வருகிறேன் என்றேன். "வராத. நீ வந்தா உங்கம்மா உடைஞ்சுடுவா. அவ நம்பிக்கையிலதான் நான் ஓடிக்கிட்டு இருக்கேன்" என்றார். அதனால்தான் நான் வரவில்லை. நீ எழுதியதற்காக இல்லை. நானும் அப்பாவும் சேர்ந்து எடுத்த முடிவு அது.

பழைய சண்டையைப் பற்றியும் பேசினோம். நான் மன்னிப்புக் கேட்டேன். "போடி, நான் அதையெல்லாம் எப்பவோ மறந்துட்டேன்" என்றார். பிறகு முடிச்சு குத்துகிறது என்று உன்னைப் பற்றி ஒரு பாட்டம் கிண்டல். ரொம்பச் சிரித்தோம். எனக்கு ஒரு குறையும் இல்லை, அம்மா. உன்னால் எனக்கு எதுவும் போகவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு.

டிசம்பர் 12-ம் தேதி டிக்கெட் அப்படியேதான் இருக்கிறது. வருகிறேன்.

உன் நூல்கண்டு


டிசம்பர் 6

என் நூல்கண்டுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒரு தடவை டீச்சருக்கும் படித்துக் காட்டினேன். அன்றைக்கு இரவு இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிட்டேன்.

ஜூன் கடைசியில் வாசல்படி இறங்க முடியாத மனுஷர் தெருமுனை வரைக்கும் எப்படிப் போனார் என்று முதலில் தோன்றியது. நேற்று மருந்துக்கடைக்காரர் கடைப் பக்கம் வந்தார். பேண்டுக்கு ஜிப் மாற்ற வேண்டுமாம். கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன். பிறகு, "வெச்சுட்டுப் போங்க, மக வர்றா, மாத்தித் தருவா" என்று அனுப்பிவிட்டேன்.

உன் அப்பா உனக்கு நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார். எங்கே தொட்டுப் பார்த்தாலும் குத்தவில்லை. நான் பிரித்துப் பார்க்க மாட்டேன், கண்ணு.

இன்று கூடத்தில் உட்கார்ந்தபோது கேட்பதற்கு ஒன்று இருந்தது. நீ பத்திரமாக வந்து சேர வேண்டும் என்று கேட்டேன்.

அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். கோட்டைப் பார்சலில் அனுப்பச் சொல்லி டீச்சர் நச்சரிக்கிறார். அனுப்ப மாட்டேன். ஆணியிலேயே தொங்கட்டும், நீ வந்து போட்டுக்கொள்.

உன் அம்மா